650 குதிரைவலுவும் எங்கள் ஒழுங்கையும்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகனோடு ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குத் திரும்பும் வழியில், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "மாமா, காசு ஒரு பிரச்சினை இல்லையெண்டால் போர்ஷ் 911 எடுப்பீங்களோ, லம்போகினி ஊருஸ் எடுப்பீங்களோ?" நாங்கள் வந்தது ஒரு பழைய வானில் என்பதால் கேள்வியில் கொஞ்சம் நக்கலும் கலந்திருந்தது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அதைத்தான் கதைத்தோம்.

2020இல் அறிமுகமான தாழ்வான விளையாட்டுக் கார் 911 டேர்போ எஸ், 2017இன் இறுதியில் வெளியிடப்பட்ட, ஜீப் போல உயரமான முதலாவது ஊருஸ் ஆகிய இரண்டுக்கும் வலு ஒன்றுதான்: 650 குதிரைவலு. சில்லுகளைச் சுழற்றும் முறுக்குவிசையிலோ 850 நியூட்டன் மீற்றருடன் ஊருஸ் 50 கூடுதலாகவே வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் மணிக்கு 100 கிலோமீற்றரை எட்ட 911க்கு 2.7 செக்கனும் ஊருஸுக்கு 3.6 செக்கனும் எடுக்கின்றன. காரணம் எடைதான். 911 ஏறத்தாழ 1,640 கிலோ, ஊருஸ் ஏறத்தாழ 2,200 கிலோ. அதோடு, 911இன் எஞ்சின் பின்சில்லுகளுக்கும் பின்னால் இருப்பதால், புறப்படும் கணத்தில் பாரம் பின்னோக்கிச் சாயும்போது பின் டயர்கள் வீதியை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஊருஸ் தன் உயரத்தையும் பாரத்தையும் மறைக்க திருப்பங்களில் வண்டி ஒரு பக்கம் சரியாமல் தடுக்கும், மின்சாரத்தால் இயங்கும் தண்டுகளையும், முன்சில்லுகளில் 440 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிரேக் தட்டுகளையும் சுமந்து திரிகிறது. அது பெரிய பொறியியல் சாதனைதான். ஆனால் முதலில் பாரத்தை ஏற்றிவிட்டுப் பிறகு அதோடு மல்லுக்கட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

லம்போகினி உழவு இயந்திரத்தில் தொடங்கிய பெயர் என்பதை மருமகன் நம்பவேயில்லை. பெருச்சியோ லம்போகினி 1948இல் உழவு இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியவர். போர்ஷ் என்ற பெயரிலும் ஒரு காலத்தில் உழவு இயந்திரங்கள் வந்தன. இன்று இரண்டும் வொக்ஸ்வாகன் குழுமத்துக்குள் இருக்கின்றன. ஊருஸின் அடித்தளமே போர்ஷின் உயரமான கார் கயனோடு பங்கிட்டுக்கொண்டதுதான். வயலில் மசி உழவு இயந்திரம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பூர்வீகம் அந்நியமானதல்ல.

ஆனால் வன்னியில் வழக்கைத் தீர்ப்பது வேகம் அல்ல. ஏ9இல் ஊர்மனைக்கு வெளியே சட்டம் அனுமதிப்பது 70 கிலோமீற்றர்; அந்தியில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் அதற்கும் குறைவாகவே அனுமதிக்கும். பிரதான வீதியிலிருந்து கிரவல் ஒழுங்கைக்குத் திரும்பியதும் எங்கள் மதகு வருகிறது. மாரி மழை இரு பக்கத்து மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விட, மதகு மட்டும் திட்டாக நிற்கிறது. ஊருஸ் தன் காற்றுத் தொங்கலை (air suspension) உயர்த்தி, அடிப்பாகம் நிலத்திலிருந்து 248 மில்லிமீற்றர் வரை எழும்படி நிமிர்ந்துகொள்ளும். 911 தன் மூக்கை ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் தூக்கிப் பார்க்கும். அந்த மதகுக்கு அது போதாது. பின்னிருக்கையும் சிறுபிள்ளைகளுக்கானதே, முழங்கால் வருத்தமுள்ள அம்மாவை அதில் ஏற்றவே முடியாது.

"அப்ப ஊருஸ்தானே மாமா?" என்றான் அவன்.

இல்லை, 911தான் என்றேன். அதைச் சந்தியில் இருக்கும் சித்தப்பா வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்துக்குச் சைக்கிளில் வருவேன்.