பிளாக் லகூன் விலங்கை வீட்டில் 3டியில் பார்க்க

'க்ரீச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' (1954) படத்தை சாதாரண டிவியில் பார்த்துவிட்டு, ரப்பர் உடை போட்ட பூதக் கதை என்று ஒதுக்கியவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஜாக் அர்னால்ட் இயக்கிய இந்த 79 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் 3டிக்கென்றே எடுக்கப்பட்டது. நீருக்கடிக் காட்சிகளை ஃப்ளோரிடாவின் வக்கல்லா ஸ்பிரிங்ஸில் படம்பிடித்தார்கள். நீருக்குள் அந்த உடையை அணிந்து நீந்தியவர் ரிக்கோ பிரவுனிங், தரைக் காட்சிகளில் பென் சாப்மன்.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கதாநாயகி கே நீரின் மேல்மட்டத்தில் நீந்திப் போகிறாள். அவளுக்குக் கீழே அந்த விலங்கு மல்லாந்தபடி, அவள் வேகத்துக்கே நீந்துகிறது. 2டியில் இருவரும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். 3டியில் நீரின் மேற்பரப்பு கூரைபோல் மேலே விலகும்; இருவருக்கும் நடுவே இருக்கும் நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியும். பயமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: முக்குளிப்பவர்களிடமிருந்து குமிழ்கள் கொத்துக் கொத்தாக எழும், விலங்கிடமிருந்து எழாது. பிரவுனிங் ஃப்ரேமுக்கு வெளியே காற்றுக் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு, மூச்சடக்கித்தான் நடித்தார்.

இந்தப் படத்தின் 3டி என்றாலே சிவப்பு-நீலக் கண்ணாடிதான் பலருக்கும் நினைவு வருகிறது. 1954இல் தியேட்டரில் கொடுத்தது, நிறத்தால் அல்லாமல் ஒளி அதிரும் திசையால் இரு கண் படங்களைப் பிரிக்கும் போலரைஸ்டு கண்ணாடி. சிவப்பு-நீலம் 1970களின் மறுவெளியீட்டிலும், 80களின் டிவி, கேசட்டிலும் வந்தது. கேசட்டில் அது படுமோசமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. விஎச்எஸ் என்ற அந்த வீடியோ கேசட்டில் வெளிச்ச விவரம் சுமார் 240 கோடுகள், நிற விவரம் 40 கோடுகள்தான். இரண்டு கண்ணுக்கான படங்களையும் பிரிப்பது நிறம் என்பதால், நிறம் மங்கினால் ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசியும், உருவம் இரட்டையாகும். டிவிடியிலும் யூடியூபிலும், நிற விவரத்தைக் குறைத்து வைக்கும் 4:2:0 சுருக்கத்தால் அதே கோளாறு, சற்றுக் குறைவாக.

சிவப்பு-சயான் (நீலப்பச்சை) கண்ணாடிதான் கையில் இருக்கிறது என்றால், நிறம் கலந்து வைத்த வீடியோ கோப்பைத் தேடாதீர்கள். இடது, வலது படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும் கோப்பை எடுத்து, பார்க்கும்போது பிளேயரிலேயே கலக்குங்கள். பினோ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கெடும் என்ற கவலையும் இல்லை.

சரியான வழி 3டி ப்ளூரே. யுனிவர்சல் 2012இல் கொண்டுவந்த பெட்டித் தொகுப்பில் 3டி பதிப்பு இருக்கிறது. 4கே டிஸ்க்கை நம்பி வாங்கி ஏமாற வேண்டாம், அந்த வடிவத்தில் 3டியே கிடையாது. பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டும் 3டி ப்ளூரேயை ஓட்டும், பிஎஸ்5 ஓட்டாது. பிளேயருக்கும் திரைக்கும் நடுவில் பழைய ஆடியோ ரிசீவர் இருந்தால் எச்டிஎம்ஐ 1.4 ஆதரவு உண்டா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் படம் 2டியாகத்தான் வரும். பிளேயரை நேராகத் திரையோடு இணைத்து, ஒலியை ஆப்டிகல் கேபிளில் ரிசீவருக்கு அனுப்பினால் தீர்ந்தது.

3டி டிவிகள் 2017க்குப் பிறகு வரவில்லை. பழையது வாங்கினால் பாசிவ் வகை, அதாவது போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்க்கும் 4கே டிவி நல்லது. 1080பி பாசிவில் ஒரு கண்ணுக்கு 540 வரிதான் கிடைக்கும். பாசிவ் திரைக்கு நேர் உயரத்தில் கண் இருக்கவேண்டும். தரையில் படுத்துப் பார்த்தால் உருவம் இரட்டையாகும். புதிதாக வாங்குவதென்றால் டிஎல்பி புரொஜெக்டர். அதற்குப் போடும், இரு கண்ணையும் மாறி மாறி மறைக்கும் ஷட்டர் கண்ணாடி வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும், லகூன் காட்சிகளோ ஏற்கெனவே இருட்டு. எனவே பிரைட் மோடு, முழு இருட்டறை, 120 அங்குலத்துக்குப் பதில் 80 அங்குலப் படம்.

அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங், படத்தின் புள்ளிகளை அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவதை விட்டுவைத்தால் ஃபிலிம் கிரெயின் என்ற பொடிப்புள்ளிகளோடு நீர்ப்பாசியின் இழைகளும் குழைந்து சேறாகிவிடும். 65 அங்குலத் திரைக்கு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் விலகினால் திரை சின்னதாகி, தியேட்டருக்கு அமைத்த அந்தப் பெரிய நீர்வெளி கைக்கடக்கமாகிவிடும்.

கடைசியாக, முக்குளிப்பவரின் முகத்துக்கு முன்னால் எழும் குமிழ்களைப் பாருங்கள். அவை அவருடைய முகத்துக்குப் பின்னால் போவதுபோல் தெரிந்து கண் வலித்தால், இடது வலது மாறியிருக்கிறது. புரொஜெக்டர் மெனுவில் 3டி இன்வெர்ட்டை மாற்றினால் குமிழ் முன்னால் வந்துவிடும்.