இரும்புச் சத்து மாத்திரை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்

சிறுநீரகம் செயலிழந்த என் அப்பாவுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ் நடக்கிறது. சென்ற மாதம் அவருடைய மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போவதைச் சொன்னபோது, பணியிலிருந்த மருத்துவர் நிமிர்ந்துகூடப் பாராமல், "இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு 5 மாதங்களாக இரும்புச் சத்தை ஊசியாகத்தான் ஏற்றுகிறார்கள் என்பது அவர் கையிலிருந்த அட்டையிலேயே இருந்தது. நரம்பில் ஏறும் இரும்பு மலத்தைக் கறுக்க வைக்காது என்பதைப் பிற்பாடு வேறொரு மருத்துவர்தான் எனக்குச் சொன்னார். முதல் மருத்துவர் சொன்னதை நம்பி வீடு திரும்பிய என்னையும் நான் நொந்துகொள்ளத்தான் வேண்டும்.

மலம் அப்படிக் கறுத்தது உள்ளே ரத்தம் கசிந்ததால்தான். அது தெரியாமல், அடுத்த 4 நாளில், ரத்தம் உறையாமலிருக்க வழக்கம்போல ஹெப்பாரின் செலுத்தி 2 டயாலிசிஸ் நடந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.4-லிருந்து 6.6-க்கு இறங்கிய பிறகே, வாய் வழியாகக் குழாயை இறக்கி உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு அவரை அழைத்துக்கொண்டு வேறொரு மருத்துவமனைக்குப் போனால், கடைசி டயாலிசிஸில் எவ்வளவு ஹெப்பாரின் செலுத்தப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் குழாயை இறக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். டயாலிசிஸ் பிரிவிலோ, குறிப்பேட்டை வெளியே தரும் வழக்கமில்லை என்றார்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் வரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிடுகிறேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

மறுநாள் ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸ் செய்து, அது ஓடும்போதே 2 யூனிட் ரத்தமும் ஏற்றினார்கள். ரத்தத்தோடு சேரும் நீரும் பொட்டாசியமும் அப்போதே வெளியேறிவிடும் என்பதே காரணம். அதன்பின் நடந்த எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது, கிளிப் போட்டு ரத்தக் கசிவை நிறுத்தினார்கள். மூட்டு வலிக்காக அப்பா எங்களுக்குத் தெரியாமல் வாங்கி விழுங்கிய, இப்படிப் புண்ணை உண்டாக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகள் அன்றைக்குத்தான் அவருடைய சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தன.

வீடு வந்த வாரம், வயிற்றெரிச்சலுக்கென்று மருந்துக் கடையில் ஒரு திரவ மருந்தை எடுத்து நீட்டினார்கள். அதில் அலுமினியமும் மெக்னீசியமும் இருந்தன. சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடலில் இரண்டும் தேங்கும் என்பதால் அங்கேயே திருப்பிக் கொடுத்தேன்.

இத்தகைய புண்ணுக்குக் காரணமாகக்கூடிய எச். பைலோரி கிருமி இல்லை என்று திசுப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. ரத்தம் கசியும்போதும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை எடுக்கும்போதும் இந்தச் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும் என்பதால், புண் ஆறிய பிறகு அந்த மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டு மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டு, அதைச் சீட்டிலும் எழுதி வாங்கியிருக்கிறேன்.