மேஸி 1035 டிராக்டர் எஞ்சின் வேலை: கிராங்க் பட்டறையில் பட்ட பாடு

டிராக்டரோட கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன் ஓட்டத்தைச் சுத்தா மாத்துற தண்டு) கிரைண்டிங்குக்கு, அதாவது தேய்ஞ்ச இடத்தைச் சீவி எடுக்க, கொடுக்கிறீங்களா? எந்த சைஸ் வரைக்கும் எடுக்கலாம்னு பட்டறைக்காரங்க கொடுக்கிற ரசீதுலயே எழுதி வாங்குங்க. பாலக்காட்டு எல்லையில கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பழைய மேஸி வெச்சிருக்கிறவங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லணும்.

எங்க வண்டியில கான்ராடு ஜர்னலுக்கு (கிராங்குல கான்ராடு பூட்டுற உருண்டைப் பகுதி) 20 தௌ எடுத்தாப் போதும். தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. மைக்ரோமீட்டர்ல அளந்து, சீட்டு எழுதிக் கிராங்குலயே கட்டித்தான் கோயமுத்தூர்ல ஒரு பட்டறைக்கு அனுப்பினது. திரும்பி வந்தது 30. "கீறல் கோடு போகலைங்க, அதான் எடுத்துட்டோம்"கிறாங்க, எல்லாம் முடிஞ்ச பிறகு. ஒரு போன் பண்ணக் கூடாதா? சீட்டைக் காணோம். ரசீதுல "கிராங்க் கிரைண்டிங் - 1"னு மட்டும் இருக்கு, எதை வெச்சுச் சண்டை போடுறது? இந்த கிராங்குக்கு வழக்கமாக் கிடைக்கிற பேரிங் 10, 20, 30தான். அடுத்த தடவை கிராங்கே மாத்தணும். போதாததுக்கு, பொள்ளாச்சியில மெயின் பேரிங் 20 உடனே கிடைச்சுது, கான்ராடு பேரிங் 30 கிடைக்கல. அதுக்குத் தனி அலைச்சல். மூணு சைஸும் எந்தக் கடையில இருக்குன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க. ஆனா கிராங்க் கைக்கு வந்து அளந்து பார்க்கிற வரை காசு கொடுத்து வாங்கிடாதீங்க.

வந்த கிராங்கை அப்படியே மாட்டவும் கூடாது. ஜர்னல் ஓரம் வளைவா இருக்கணும். அங்க கூர் மூலையா வெட்டி விட்டிருந்தா, நாளைக்குக் கிராங்க் முறியிறது அந்த இடத்துலதான். அது எங்களுக்குச் சரியா இருந்துச்சு. ஆயில் ஓட்டைக்குள்ளதான் கல்லுத் தூள் அப்பிக் கிடந்துச்சு. டீசல் ஊத்தி, கம்பி பிரஷ் விட்டு, கம்ப்ரசர்ல ஊதி, வெள்ளைத் துணியில கறுப்பு ஒட்டாத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும். அந்தத் தூள் ஒரு மணி நேரத்துல புதுப் பேரிங்கைக் கீறிப் போட்டுடும்.

பிளாக் (சிலிண்டர் இருக்கிற எஞ்சின் உடம்பு) விஷயத்துல ஒரு எச்சரிக்கை. "உங்க பிளாக்கைக் கொடுங்க, போர் பண்ணி ரெடியா இருக்கிறதை எடுத்துட்டுப் போங்க"ன்னு ஆசை காட்டுவாங்க. ஆர்சி புக்குல எஞ்சின் நம்பர் இருக்கிறதை மறந்துடாதீங்க. தமிழ்நாட்டு நம்பர் வண்டியைக் கேரளா எல்லைக்குள்ள ஓட்டிட்டு, நம்பர் மாறின பிளாக்கோட செக்போஸ்ட்டுல நிக்கிறது வேண்டாத வேலை.

இந்த வண்டியில இருக்கிற சிம்ப்சன் எஞ்சின் பெர்கின்ஸ் 3.152 வழி வந்தது. அந்த 3.152க்கு 3 சிலிண்டர், 152 கன அங்குலம், போர் (சிலிண்டர் விட்டம்) 91.44 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 127 மி.மீ. லைனர் (பிஸ்டன் ஓடுற உள் குழாய்) டிரை டைப். லைனருக்குப் பின்னாடி தண்ணி ஓடாது, பிளாக்கோட இரும்புதான் சூட்டை வாங்கணும். அதனால பழைய லைனரை எடுத்த பிறகு அந்தத் துளையில துருவோ பிசிறோ கொஞ்சமும் இருக்கக் கூடாது. இருந்தா அந்த இடம் மட்டும் சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும். லைனரை அமுக்கின பிறகு மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துலயும் நெடுக்கும் குறுக்கும் போர் கேஜ் போட்டுப் பாருங்க. பிஸ்டன் ரிங்கை லைனருக்குள்ள விட்டு வாய் இடைவெளியும் பார்க்கணும். போர் ஒரு அங்குலத்துக்கு 3லிருந்து 4 தௌன்னு வெச்சுக்கிட்டா, இதுக்கு 11லிருந்து 14 தௌ வரும்.

எல்லாத்தையும் விட முக்கியம் கிராங்கோட பின் பக்கத்துல ஆயில் ஒழுகாம அடைக்கிற கயிறு சீல். ரப்பர் சீல் மாதிரி தட்டி விட்டுட்டுப் போற வேலை இல்லை இது. இரண்டு பாதி ஹவுசிங்லயும் கயிறை முதல்ல ரெண்டு முனையில அழுத்தி, அப்புறம் நடுவுல அமுக்கி, உருண்டையான கம்பியால உருட்டி உட்கார வைக்கணும். முனை ஹவுசிங்குக்கு வெளியே 10லிருந்து 20 தௌ நீட்டிக்கிட்டு நிக்கணும். ஒட்ட வெட்டிட்டா சேர்ற இடத்துல ஒழுகும். உள்பக்கம் கிராஃபைட் கிரீஸ் தடவுங்க. இதுல சோம்பல் பட்டா ஆயில் கிளட்ச் பிளேட்டுல இறங்கும், மறுபடி வண்டியை எஞ்சின், கியர்பாக்ஸ்னு ரெண்டாப் பிரிக்கணும்.

பிரிக்கும்போது முன் ஆக்சிலுக்கும் அதைத் தாங்குற பீடத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிச்சாகணும். ஆக்சில் நடு பின்னுல ஆடுற அமைப்பு. ஆப்பு இல்லாட்டி எஞ்சின் அப்படியே பக்கவாட்டுல சாஞ்சுடும். பட்டறைப் பையன்கள் "ஜாக்கி போதும்ணா"ம்பாங்க, விடாதீங்க.

ஹெட், டைமிங் கியர், டீசல் பம்பு, நாசில் எல்லாம் தகராறு இல்லாம முடிஞ்சுது. பம்பைக் கழட்டும் முன்னாடி ஃபிளாஞ்சுலயும் கேசிங்லயும் அடையாளக் கோடு இருக்கான்னு மட்டும் பாருங்க. டேப்பட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த எஞ்சின்ல 12 தௌ (0.30 மி.மீ), சூட்டுல 10.

ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு டீசல் லைன்ல ஏர் எடுக்க, ஃபீட் பம்பு (டாங்க்ல இருந்து டீசலை இழுக்கிறது) லிவரை அடிச்சா அடி ஏறவே இல்லை. உடனே "ஃபீட் பம்பு போச்சு, புதுசு வாங்குங்க"ன்னு பக்கத்துல இருந்து குரல். ஒண்ணும் போகல. அந்தப் பம்பைத் தள்ளுற கேம் மேட்டுல நின்னா லிவர் இப்படித்தான் செத்துக் கிடக்கும். கிராங்கை ஒரு சுத்து சுத்தி விட்டதும் சரியாச்சு, ஒரு பம்பு காசு மிச்சம். முதல்ல ஃபில்டர், அப்புறம் பம்பு, கடைசியா நாசில் பைப் நட்டு, இந்த வரிசையில ஏர் எடுங்க.

புது எஞ்சினைச் சும்மா ஐடில்ல மணிக்கணக்கா விடாதீங்க, ரிங் உட்காராது. மிதமான லோடுல ஓட்டுங்க. பாலக்காட்டுச் சித்தூர்க் கரிசல் வயல்ல கேஜ் வீல் (சேத்துக்கான இரும்புச் சக்கரம்) மாட்டி சேறடிக்கிறது முதல் 50 மணி நேரத்துக்கு வேண்டாம். அதுக்கப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, ஹெட் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச்ல பார்த்து, டேப்பட்டும் சரி பண்ணிடுங்க. கழட்டின ஃபில்டரை வெட்டி உள்ள பாருங்க. வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கினா பேரிங் தேயுது, ஆயில் பிரஷர் மீட்டர் மேல ஒரு கண் இருக்கட்டும்.