2006 ஜூலையில் பாதியாக விழுந்த விலை

கம்ப்யூட்டரின் மூளையான புராசசர் சிப்பின் விலை குறைந்தால் வாங்குகிற நமக்குச் சந்தோஷம்தான், ஆனால் குறைத்த கம்பெனிக்கு என்ன ஆகிறது என்பதை எப்போது யோசித்தாலும் எனக்கு 2006 ஜூலைதான் நினைவுக்கு வரும். இன்டெலின் புது புராசசரான கோர் 2 டுவோ வந்த அதே வாரத்தில் அதன் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி தன் விலைகளை வெட்டியது. அதன் அத்லான் 64 எக்ஸ்2 வரிசையில் 5000+ மாடல் 696 டாலரிலிருந்து 301-க்கு வந்தது, 3800+ மாடல் 303-லிருந்து 152-க்கு. ஒரு மாதம் முன்னால் முழு விலை கொடுத்தவர் வயிறு எரியத்தானே செய்யும்!

தாராள மனசால் யாரும் விலையைக் குறைப்பதில்லை. சிப் ஆலை கட்டவே பல நூறு கோடி டாலர் ஆகும், அந்தச் செலவு சிப் விற்றாலும் விற்காவிட்டாலும் நிற்காது, அதனால் எதிராளி வேகமான சிப்பைக் கொண்டுவந்துவிட்டால் கையில் இருக்கும் சரக்கை லாபம் குறைந்தாலும் தள்ளிவிடத்தான் வேண்டும். இன்டெலும் சும்மா இல்லை, தன் பழைய புராசசரான பென்டியம் டி-யின் விலையைக் குறைத்தது. இன்டெல் பெரிய கம்பெனி, அதனால் தாங்கியது.

ஏஎம்டி அந்த ஜூலையில்தான் கிராபிக்ஸ் சிப் கம்பெனியான ஏடிஐ-யை 540 கோடி டாலருக்கு வாங்குவதாகவும் அறிவித்திருந்தது. கடன் ஒரு பக்கம், குறைந்த விலை மறுபக்கம். 2007-ல் நஷ்டம் 300 கோடி டாலரைத் தாண்டியது. ஏடிஐ-யின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுதியதும் அதில் சேர்த்தி. அப்புறம் 2009-ல் ஆலைகளையே பிரித்துக் கொடுத்தது, குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற சிப் தயாரிக்கும் கம்பெனி அப்படிப் பிறந்ததுதான். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு ரைசன் சிப்புகளை ஏஎம்டிக்குச் செய்து தருவது தைவானின் டிஎஸ்எம்சி.