நாற்காலிக்கும் ஒரு கோப்பு

அலுவலக நிர்வாகப் பிரிவில் இருப்பவர்களிடம் மனித மரியாதை கோப்பாகத்தான் வந்து சேர்கிறது. வாசல் காவலாளிக்கு நாற்காலி, துப்புரவுப் பணியாளர்கள் உடை மாற்ற ஓர் அறை, ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்ற சுற்றறிக்கை என்று எதை எடுத்தாலும் மூன்று கையெழுத்துகள் வேண்டும். கையெழுத்திடும் மூவரும் நல்லவர்கள். காவலாளியைப் பார்த்தால் பெயர் சொல்லி நலம் விசாரிப்பவர்கள். ஆனால் நாற்காலி கேட்டு எழுதினால், "உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் குறிப்பை எழுதியவர் நாள் முழுவதும் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்.

இதனாலேயே பணியிடப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. இனிமையாகப் பேசுவதற்குச் செலவில்லை, ஆகவே அதற்கு உடனே ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. ஓர் இடத்தில் யாரை நிற்க வைக்கிறார்கள், யாரைக் காக்க வைக்கிறார்கள், ஒருவரைப் பற்றி எடுத்த முடிவை அவருக்கு எப்போது சொல்கிறார்கள் என்று பார்த்தால் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வாசகங்களைப் படிக்க வேண்டியதில்லை.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தைப் பலரும் முதல் பிரிவோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லா மனிதரும் கண்ணியத்திலும் உரிமையிலும் சமமாகவே பிறக்கிறார்கள் என்கிற அந்த வரி சுவரொட்டிக்கு ஏற்றதுதான். எனக்குப் பிடித்தவை 23, 24 ஆகிய பிரிவுகள். உழைப்பவரும் அவர் குடும்பமும் மனித கண்ணியத்தோடு வாழப் போதுமான ஊதியம், ஓய்வு, வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு, சம்பளத்துடன் விடுமுறை. முதல் பிரிவில் ஆகாயத்தில் நின்ற கண்ணியம் இங்கே சம்பளப் பட்டியலுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் இறங்கி வந்துவிடுகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை இன்னும் கீழே இறங்குகிறது. வேலையிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்பது அதன் சாரம். வேலையிடம் என்பதற்குள் ஓய்வெடுக்கும் இடம், சாப்பிடும் இடம், கழிப்பறை, உடை மாற்றும் இடம், வேலைக்குப் போய்வரும் வழி எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர், வேலை கேட்டு விண்ணப்பித்தவர், வேலையை இழந்தவர் வரை அதன் பாதுகாப்பு நீள்கிறது. இதை எழுதியவர்களில் யாரோ ஒருவர் நிர்வாகப் பிரிவில் இருந்திருக்க வேண்டும் என்பது என் சொந்த ஊகம்.

ஒதுங்க இடம் கொடுப்பது ஏதோ சலுகை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது மெம்ஃபிஸ் கதை. அமெரிக்காவின் அந்த நகரத்தில் 1968 பிப்ரவரி 1 அன்று குப்பை லாரி ஒன்றின் பின்புறம் மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று இயங்கியதால் அதற்குள் சிக்கி இறந்தார்கள். சில நாட்களில் ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊதியமும் பாதுகாப்பும் சங்க அங்கீகாரமும் அவர்கள் கோரிக்கைகள். ஆனால் ஊர்வலத்தில் அவர்கள் ஏந்திய அட்டைகளில் 'நான் ஒரு மனிதன்' என்று மட்டுமே எழுதியிருந்தது. அவர்களுக்கு ஆதரவாகப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அலுவலகத்தில் நாள்தோறும் நடக்கும் அவமதிப்புகளுக்கு இவ்வளவு பெரிய வரலாறு கிடையாது. நேர்முகத் தேர்வுக்குக் காலையில் வரச் சொல்லியிருப்பார்கள். பிற்பகல் ஆகியும் கூப்பிட மாட்டார்கள். தாமதமாகும் என்று வந்து சொல்ல ஓர் ஆள் இருக்காது. பிறகு முடிவும் வராது. தேர்வாகாதவருக்கு எதற்குக் கடிதம் என்று மனிதவளப் பிரிவில் கேட்கிறார்கள். இரண்டு வரி மின்னஞ்சல் வராததால் அவர் வேறொரு வேலையை ஒப்புக்கொள்ளாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம் என்று நான் சொன்னால், நல்ல கருத்து என்கிறார்கள். நல்ல கருத்து என்று சொல்லப்பட்டவை எங்கள் அலுவலகத்தில் ஒரு தனி அலமாரிக்குத் தேறும்.

வெளியிலும் இதுவேதான். வயதான என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்: "இவங்களுக்கு என்ன வயசு? என்ன பிரச்சினை? கையெழுத்துப் போடுவாங்களா?" அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார், நான் மறந்துவிடும் மாத்திரைப் பெயர்களும் அவருக்கு மனப்பாடம். நான் வாய் திறக்காமல் அம்மாவைப் பார்ப்பேன். கேட்டவருக்கும் வேறு வழி இருக்காது, அவரும் பார்ப்பார். அம்மா வயதைச் சொல்லிவிட்டு, "கையெழுத்து என்ன, நாற்பது பேர் விடைத்தாளை ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தியவள்" என்று சேர்த்துக்கொள்வார். அந்தக் கவுன்டரில் இருப்பவர் கெட்டவர் அல்லர். நாளெல்லாம் நோயாளியை விட்டுவிட்டு, கூட வந்தவரிடம் பேசிப் பழகிவிட்டார். அவருக்குக் கொடுத்திருக்கும் படிவத்திலேயே 'உடன் வந்தவர்' என்ற கட்டம்தான் முதலில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆண்டில் ஒரு நாள் துப்புரவுப் பணியாளர்களை வரிசையாக நிற்கவைத்து, பரிசு கொடுத்து, படம் எடுத்து நிறுவனப் பக்கத்தில் வெளியிடுவார்கள். படம் போடலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. தான் என்ன வேலை செய்கிறோம் என்பதைப் பிள்ளைகளின் பள்ளியில் சொல்லாத தாய் ஒருவர் அந்த வரிசையில் இருக்கக்கூடும். படத்துக்கு முன் ஒப்புதல் பெற ஒரு தாள் தயாரித்தேன். அதை நீட்டியதும் இருவர் விலகிக்கொண்டார்கள். விழாவின் உற்சாகத்தை நான் கெடுத்துவிட்டதாக மேலாளருக்கு வருத்தம்.

இப்போது உடை மாற்றும் அறைக்கான கோப்பு கணக்குப் பிரிவில் இருக்கிறது. கழிப்பறையின் ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று சீருடை மாற்றுகிறார்கள் என்று எழுதி, பயன்படாமல் கிடக்கும் பழைய பதிவேட்டு அறையைக் கேட்டிருந்தேன். தாழ்ப்பாள், கொக்கிகள், ஒரு பெஞ்ச், அவ்வளவுதான் செலவு. அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், நம் பொறுப்பில் வரமாட்டார்கள் என்று பதில் வந்தது. அவர்கள் துடைக்கும் தரை யாருடையது என்று கேட்டு மறுபடியும் மேலே அனுப்பியிருக்கிறேன். இந்த முறை ஓரத்தில் குறிப்பு எழுத இடம் விடாமல் தட்டச்சு செய்தேன்.