வார்டன் இல்லாத விடுதி

நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு அமெரிக்கக் கல்லூரி விடுதிக்கு வருகிறவர்களை முதலில் உறுத்துவது, இரவில் யாரும் தலையை எண்ண வராததுதான். அங்கே விடியற்காலையில் விசில் ஊதி எழுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போன் பேசலாம், அதையும் வார்டன் பக்கத்தில் நின்று கேட்பார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில், சவுத்வெஸ்ட் பகுதியின் 22 மாடிக் கோபுரங்களில் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. நள்ளிரவு தாண்டி வந்தாலும், வராமலே இருந்தாலும் கேட்பாரில்லை. ஆனால் அறைக் கதவில் என் பெயரை வண்ணத்தாளில் வெட்டி யாரோ ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவள் என்னைவிட ஒரு வயது மூத்த மாணவி. அவள்தான் அந்தத் தளத்தின் ரெசிடென்ட் அசிஸ்டென்ட், அதாவது தளத்தில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் மாணவி. இங்கே எல்லோரும் சொல்வது ஆர்.ஏ.

முதல் வாரத்திலேயே அவள் என்னையும் அறைத்தோழியையும் உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் எழுதச் சொன்னாள். விளக்கை எப்போது அணைப்பது, விருந்தாளி வரலாமா, ஒருத்தியின் பாலை இன்னொருத்தி குடிக்கலாமா என்று அத்தனையும் அதில் இருந்தன. பாலுக்கு ஒப்பந்தமா என்று சிரிப்பு வந்தது. பாஸ்டன்காரியான தோழி நவம்பர் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கத் தொடங்கியபோது அந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

இங்கேயும் ஒரு காலத்தில் வார்டன்கள் இருந்தார்கள். பெண்கள் விடுதிகளில் 'ஹவுஸ் மதர்' என்ற பெயரில் ஒரு மூத்த அம்மாள் இருப்பார், பெண்களுக்கு மட்டும் ஊரடங்கு நேரம் உண்டு. கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது என்பது அன்றைய சட்டக் கொள்கை. 1960இல் அலபாமாவில் உணவகத்தில் நிறவெறிக்கு எதிராக உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களைக் கல்லூரி விசாரணையே இல்லாமல் வெளியேற்றியது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அரசுக் கல்லூரி அப்படி வெளியேற்றக் கூடாது என்று 1961இல் தீர்ப்பு வந்தது. பெற்றோர் வேடம் அதிலிருந்துதான் கலையத் தொடங்கியது. நான் நள்ளிரவில் பீட்சா வாங்கப் போகும் சுதந்திரத்துக்குப் பின்னால் அந்த மாணவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் நானே ஆர்.ஏ. ஆனேன். சேவை மனப்பான்மை என்று நேர்காணலில் சொன்னேன். உண்மையான காரணம் அறை வாடகை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்தவர்கள் வளாகத்துக்குள், அதுவும் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதற்குள் அடங்கி அறைக்கும் வழிசெய்யும் வேலை வேறென்ன இருக்கிறது? எங்கள் வளாகத்து ஆர்.ஏ.க்கள் 2002இல் வாக்களித்துச் சங்கம் அமைத்தவர்கள், நாட்டில் அப்படிச் செய்த முதல் ஆர்.ஏ.க்கள். சேர்ந்தது கார்த் தொழிலாளர் சங்கத்தில்! கோயம்புத்தூரில் மில் தொழிற்சங்கத்தில் இருந்த தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, என் படிப்பு இதுவரை தராத பெருமையை அவர் முகத்தில் பார்த்தேன்.

டியூட்டி இரவுகளில் இரண்டு பேராகச் சேர்ந்து மேல்மாடியிலிருந்து படி வழியாக ஒவ்வொரு தளமாக இறங்குவோம். இந்த நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது வாங்கக் கூடாது. விடுதியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு இளையவர்கள். கதவைத் தட்டலாம், பெயரைச் சொல்லலாம், திறக்கச் சொல்லலாம். அலமாரியைத் திறக்கக் கூடாது, பாட்டிலைத் தொடவும் கூடாது. அவர்களையே ஊற்றிவிடச் சொல்லி, பார்த்ததை அறிக்கையாக எழுதவேண்டும். 'குடித்திருந்தான்' என்று எழுதினால் திரும்பி வரும். கண் சிவந்திருந்தது, பேச்சு குழறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று எழுதவேண்டும். தண்டனை எங்கள் கையில் இல்லை. நாமக்கல் வார்டனிடம் பிரம்பு இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு படிவம். படிவத்துக்குப் பயந்தவர்களும் இருந்தார்கள்.

நம்மவர்களோடு எனக்கு ஓயாத தகராறு ஊதுபத்தி. விநாயகர் சதுர்த்திக்கு ஒன்றே ஒன்று என்பார்கள். மெழுகுவத்தி, ஊதுபத்தி எதற்கும் விடுதிக்குள் இடமில்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் தீப்பிடித்து மூன்று முதலாண்டு மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் விடுதிகளில் தண்ணீர்த் தெளிப்பான்களைக் கட்டாயமாக்கியது. பிள்ளையாருக்குப் பேட்டரி விளக்கு போதும் என்று நான் சொன்னதை ஒரு மாணவன் தன் அம்மாவிடம் போனில் சொல்ல, அந்த அம்மா என்னை நாத்திகப் பெண் என்று முடிவுகட்டிவிட்டார்.

பெற்றோர் விஷயம்தான் கடினம். யாரோ கொடுத்த எண்ணை வைத்து மதுரையிலிருந்து ஒரு தந்தை அழைத்தார். மகள் சரியாகப் பேசுவதில்லையாம், வகுப்புக்குப் போகிறாளா, மதிப்பெண் என்ன, யாரோடு சுற்றுகிறாள் என்று கேட்டார். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, ஃபெர்பா என்பார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடும். "ஏம்மா, நீயும் ஒரு பெண்தானே, எனக்குச் சொல்லக்கூடாதா?" என்றார். "உங்களிடம் பேசச் சொல்லி அவளிடம் சொல்கிறேன் ஐயா, அதற்குமேல் முடியாது" என்றேன். நாமக்கல்லாக இருந்தால் வார்டன் எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பார். சட்டத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனாலும் அந்தக் குரல் எளிதில் போகவில்லை.

அந்தப் பெண்ணே சில நாள் கழித்து என் அறைக்கு வந்தாள். "அக்கா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால் ஒன்று சொல்கிறேன்" என்று ஆரம்பித்தாள். பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த இடம் இது. அந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றாலோ பாலியல் வன்முறை என்றாலோ மேலே சொல்லியே ஆகவேண்டும். அதைக் கேட்பதற்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். அக்கா என்று கூப்பிட்டு வந்தவளிடம் விதியைச் சொல்வது கல் நெஞ்சுக்காரி வேலை. சொன்னேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறகும் சொன்னாள். பல நாளாகத் தூக்கமில்லை, வகுப்பில்லை, இல்லாமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்ற நினைப்பு. அவள் எதிரிலேயே டியூட்டியிலிருந்த மேலாளரை அழைத்தேன். அன்றிரவே ஒரு மனநல ஆலோசகர் அவளோடு பேசினார். நானும் விடியும்வரை அங்கேயே இருந்தேன்.

அதன்பின் பல வாரங்கள் அவள் என்னைப் பார்த்தால் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிவிடுவாள். நானும் விட்டுவிட்டேன். ஆலோசனைக்குத் தொடர்ந்து போகிறாளா என்று கேட்கவும் எனக்கு உரிமையில்லை. தந்தையிடமும் அவளேதான் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது.

வசந்த பருவத்தில், அடுத்த ஆண்டுக்கான ஆர்.ஏ. விண்ணப்பங்கள் திறந்திருந்த சமயம், கதவைத் தட்டினாள். நேர்காணலில் என்ன கேட்பார்கள், டியூட்டி இரவுகள் எத்தனை வரும், தேர்வு நாட்களில் மாற்றிக்கொள்ள முடியுமா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு தயங்கி, "அறை மட்டும்தானா அக்கா, சாப்பாடும் சேருமா?" என்றாள். மிகச் சரியான கேள்வி. சங்க ஒப்பந்தத்தைத் திறந்து இருவரும் படிக்க உட்கார்ந்தோம்.