செட்டிநாடு என்றாலே காரமா?

சென்னையில் 'செட்டிநாடு' என்று பெயர் போட்டு எதைக் கொடுத்தாலும் நாக்கு எரியும். அந்த நினைப்பிலேயே போன வாரம் காரைக்குடிக்குப் போனேன். மூன்று நாளில் ஒரு தடவைகூட கண்ணில் தண்ணீர் வரவில்லை.

தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். காலையில் வெள்ளைப் பணியாரம். அளவு கேட்டதற்கு ஆச்சி டம்ளரையே எடுத்துக் காட்டினார். தலை தட்டிப் பச்சரிசி, அதே டம்ளரில் அதன் மேல் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு உளுந்து, கோபுரம் மாதிரி. "இதுக்கு மேல கணக்கு கிடையாது தம்பி." இரண்டையும் சேர்த்து ஊற வைத்து, வெண்ணெய் போல அரைத்து, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்ற வேண்டும். சிவந்தால் போச்சு. நான் ஊற்றியது அப்பளம் மாதிரி பரந்துவிட்டது. அதை நானே சாப்பிட்டேன்.

அப்புறம் கவுனி அரிசி. பார்க்கக் கறுப்பு, வெந்தால் கருஞ்சிவப்பு. சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய், அவ்வளவுதான். பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கொண்டுவந்தது என்கிறார்கள். நான் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட தூணும் பர்மா தேக்குதான்!

கிளம்பும்போது அரைக் கிலோ கவுனி வாங்கி வந்தேன். முதல் நாள் ராத்திரியே ஊற வைக்கச் சொல்லியிருந்தார் ஆச்சி. மறந்துவிட்டேன். இப்போது குக்கரில் ஏழு விசில் ஆயிற்று, இன்னும் நறுக் நறுக்கென்று கடிபடுகிறது.